எட்டாம் வகுப்பு முடிக்கும் மாற்றுத்திறன் குழந்தையை உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி: கொங்குப் பகுதிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வாக்கர் பிடித்து நடப்பாள், நிதானமாகப் பேசுவாள், வலக்கை விரல்கள் ஒத்துழைக்காததால் ஒரு பக்கம் எழுத மற்றவர்களைப் போல் மூன்று மடங்கு நேரம் ஆகும். காங்கேயத்தை ஒட்டிய எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை எந்தக் குறையும் இல்லாமல் படித்தாள், ஏனென்றால் அங்கிருந்த ஆசிரியர்கள் அவளை ஐந்து வயதிலிருந்து அறிந்தவர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டி வந்தபோதுதான், அந்த எட்டு ஆண்டுகளும் மனிதர்களின் அன்பை மட்டுமே நம்பி நடந்தன என்பதும், காகிதத்தில் எங்களிடம் எதுவுமே இல்லை என்பதும் எனக்குப் புரிந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் மருத்துவமனை, வட்டார வள மையம் (ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையம்), கல்வி அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்று அலைந்து நான் கற்றுக்கொண்டதை, உங்கள் பிள்ளைக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன். உடல் இயக்கக் குறைபாட்டை வைத்தே எழுதியிருந்தாலும், செவித்திறன், பார்வை, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

1. எட்டாம் வகுப்புப் பொங்கல் விடுமுறையிலேயே தொடங்குங்கள்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதனால் ஒன்பதாம் வகுப்பு முதல் உங்கள் கையில் இருக்கும் வலுவான பிடி மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 தான். அதன் 31ஆம் பிரிவு, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ, குழந்தை விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த 40 விழுக்காட்டை யாரிடமும் வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. அதற்கான சான்று கையில் வர எங்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. மே மாதத்தில் தொடங்கினால் ஜூனில் பள்ளி திறக்கும்போது வெறும் விண்ணப்ப எண்ணோடுதான் நிற்பீர்கள். நான் அப்படித்தான் நின்றேன்.

2. எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்

இது சிறிய விஷயமாகத் தோன்றும். எங்களுக்கு அதிக நாட்களைத் தின்றது இதுதான். பிறப்புச் சான்றிதழில் முன்னெழுத்து இல்லை. ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால் ஒட்டியிருந்தது. பள்ளியின் எமிஸ் பதிவில், அதாவது கல்வித் துறையின் கணினிவழி மாணவர் பதிவில், முன்னெழுத்து முன்னால் இருந்தது. மருத்துவச் சான்று ஆதாரில் உள்ள பெயரில் வந்தது. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலோ எமிஸ் பதிவிலிருந்து எடுக்கப்படுகிறது. இரண்டும் ஒரே குழந்தைதான் என்று பிறகு நாம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே, பழைய பள்ளியில் இருக்கும்போதே, பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, தாய் தந்தை பெயர் ஆகியவற்றை வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள். எமிஸ் பதிவில் திருத்தம் வேண்டுமானால் தலைமையாசிரியரிடம் பிறப்புச் சான்றிதழ் நகலோடு எழுத்தில் கொடுங்கள். அதே பதிவில் உங்கள் குழந்தை மாற்றுத்திறன் மாணவராகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, குறைபாட்டின் வகை சரியாக இருக்கிறதா என்பதையும் கணினியில் காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். பள்ளிக்குத் தினமும் வரும் குழந்தையைத் தவறுதலாக, பள்ளிக்கு வர இயலாதவர்களுக்கான வீட்டு வழிக் கல்விப் பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தால், அதை இப்போதே மாற்றியாக வேண்டும்.

3. குறைபாட்டுச் சான்றும் யுடிஐடி அட்டையும்

பழைய தேசிய அடையாள அட்டைப் புத்தகம் வைத்திருக்கும் பலர் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். இப்போது உதவித்தொகைக்கும் பிற திட்டங்களுக்கும் கேட்கப்படுவது யுடிஐடி என்னும் தனித்துவ அடையாள அட்டை. இதற்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கொண்டு செல்ல வேண்டியவை: குழந்தையின் ஆதார், முகவரிச் சான்று, நான்கு கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள், பழைய மருத்துவ அறிக்கைகள் அனைத்தும், ஏற்கெனவே உள்ள அடையாள அட்டை. விண்ணப்பித்தபின் மருத்துவக் குழு குழந்தையை நேரில் பார்க்கும். எங்கள் பக்கத்தில் திருப்பூர், பெருந்துறை, கோவை ஆகிய இடங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எந்தக் குறைபாட்டுக்கு எந்தக் கிழமையில் மருத்துவர் இருப்பார் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கேட்காமல் போன ஒரு நாளில் எலும்பியல் மருத்துவர் விடுப்பில் இருந்தார். வாடகை கார், என் ஒரு நாள் கூலி, கணவரின் ஒரு நாள் கூலி எல்லாம் வீணாயின. வட்டார வள மையம் வழியாக நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் அருகில் வருமானால் அதுவே மேல், ஏனென்றால் எல்லாத் துறை மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள்.

அட்டையில் 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம் என்று நிறப்பட்டை இருக்கும். சான்று கையில் கிடைத்தவுடன் மூன்று இடங்களைப் பாருங்கள்: விழுக்காடு எண்ணால் எழுதப்பட்டிருக்கிறதா, நிரந்தரமா தற்காலிகமா, தற்காலிகம் என்றால் எந்தத் தேதியோடு முடிகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கும் மார்ச் மாதத்துக்கு முன் காலாவதியாகும் சான்று, நமக்கு வேண்டிய நேரத்தில் உதவாது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இந்தத் தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு மறுமதிப்பீடு பெரும்பாலும் உண்டு.

4. சேர்க்கைக்கு முன் பள்ளியைக் குழந்தையோடு சுற்றிப் பாருங்கள்

ஏப்ரலில் ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். கையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். சாய்தளத்துக்குக் கணக்கு எளியது: ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். வராண்டா ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் 18 அடி இருக்க வேண்டும். பல இடங்களில் நான்கடி, ஐந்தடி நீளத்துக்குச் செங்குத்தாக ஒரு சிமெண்ட் பலகை போட்டு அதற்குச் சாய்தளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் பின்னால் உருளும், வாக்கர் வழுக்கும். வகுப்பறை, அறிவியல் ஆய்வகம், கணினி அறை, சத்துணவு வாங்கும் இடம், கழிப்பறை ஆகிய ஐந்துக்கும் உங்கள் குழந்தை தானாகப் போய் வர முடிகிறதா என்று நடக்கவிட்டே பாருங்கள்.

கட்டடம் சரியில்லை என்பதற்காக அந்தப் பள்ளியைக் கைவிட வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு பைசா செலவில்லை. அதை முதலில் கேளுங்கள். சாய்தளத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய கோரிக்கைதான் மேலே போகும். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டத்தின் வழியாகவும், ஊரிலுள்ள முன்னாள் மாணவர்கள் வழியாகவும் உதவி பெற முடியும். எங்கள் பள்ளியில் கைப்பிடிக் கம்பிகளை அமைத்துக் கொடுத்தவர் அதே பள்ளியில் படித்த ஒரு பட்டறைக்காரர். நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் மறுநாளே அளவெடுக்க வந்தார்.

5. சேர்க்கை நாள்: மறுப்பு கனிவான குரலில் வரும்

தேவையானவை: மாற்றுச் சான்றிதழ், எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், எமிஸ் எண், ஆதார், சாதிச் சான்றிதழ், குறைபாட்டுச் சான்று அல்லது யுடிஐடி, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றுகளைக் காட்டுங்கள், ஒப்படைக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ் மட்டுமே விதிவிலக்கு.

நாங்கள் முதலில் போன பள்ளியில் யாரும் கதவை அடைக்கவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். "பாப்பாவைச் சிறப்புப் பள்ளியில சேர்த்தீங்கன்னா இன்னும் நல்லாப் பாத்துக்குவாங்கம்மா, இங்க வந்து எதுக்குங்க சிரமப்படோணும்" என்றார்கள். அக்கறையான பேச்சு என்றே நினைத்து வீடு திரும்பினேன். அது மறுப்பு என்று புரிய இரண்டு நாட்கள் ஆயின. சிறப்புப் பள்ளியா, பொதுப் பள்ளியா என்பதைச் சட்டம் குழந்தையின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. பள்ளி முடிவு செய்யும் விஷயம் அல்ல அது. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது.

இப்படி நேர்ந்தால் வாக்குவாதம் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் இவ்வாறு எழுதிக் கொடுங்கள்:

"என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கை கோரி இன்று நேரில் வந்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவுகள் 16 மற்றும் 31இன்படி சேர்க்கை வழங்குமாறும், இயலாதெனில் அதற்கான காரணத்தை எழுத்து வடிவில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

நகலில் தேதியும் கையொப்பமும் முத்திரையும் பெறுங்கள். எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்களில் இரண்டு குடும்பங்களுக்கு இந்தத் தாளிலேயே சேர்க்கை கிடைத்துவிட்டது. கிடைக்காவிட்டால் அதே நகலோடு மாவட்டக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர் என்று போகலாம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் வழிகாட்டுவார்கள்.

எங்கள் தெருவில் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களின் மகன் ஏழாம் வகுப்பில் சேரப் போனபோது மாற்றுச் சான்றிதழ் வந்து சேரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டான். எட்டாம் வகுப்பு வரை அந்தச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. அவர்களுக்கும் மேலே சொன்ன வெள்ளைத்தாள்தான் உதவியது. இப்படிப்பட்ட குடும்பம் உங்கள் அருகில் இருந்தால் தமிழில் எழுதிக் கொடுத்து உதவுங்கள்.

6. கழிப்பறை

இதற்கு ஒரு தனிப் படி ஒதுக்கக் காரணம் இருக்கிறது. என் மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆனபோது சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல் கண்டது. காலையில் நிரப்பித் தரும் தண்ணீர்ப் புட்டி மாலையில் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கேட்டதற்கு, "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா, அதான் குடிக்கறதில்ல" என்றாள். பள்ளியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இருந்தது. ஆனால் அது பூட்டியிருந்தது. உள்ளே துடைப்பமும் உடைந்த பெஞ்சும் இருந்தன. சாவி யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம்.

நீங்கள் முதல் வாரத்திலேயே உறுதி செய்ய வேண்டியவை இவை. கழிப்பறை திறந்திருக்க வேண்டும், அல்லது சாவியின் ஒரு பிரதி வகுப்பறையிலேயே இருக்க வேண்டும். கதவு 90 செண்டிமீட்டராவது அகலமாக, வெளிப்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. உட்காரும் வகைக் கழிப்பறை, இருபுறமும் கைப்பிடி, எட்டும் உயரத்தில் குழாய், விரல் வலு இல்லாத குழந்தையும் போட முடிகிற தாழ்ப்பாள் ஆகியவை இருக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் உதவ ஓர் ஆசிரியை யார் என்று பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆசிரியையும் உங்கள் மகளும் முன்பே ஒருமுறை பேசிப் பழகியிருப்பது நல்லது. இடைவேளை பத்து நிமிடம் போதாது என்றால், மணி அடிக்கும் முன் ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேளுங்கள்.

7. வகுப்பறைக்குள்

ஜூன் முதல் வாரத்தில் எல்லாப் பாட ஆசிரியர்களுக்குமாக ஒரே ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். நோயின் விவரம் அதில் இல்லை. அவள் என்னென்ன செய்வாள், எதற்கு நேரம் வேண்டும், எப்போது உதவ வேண்டும், எப்போது உதவக் கூடாது என்பவை மட்டுமே இருந்தன. "பதில் சொல்லத் தொடங்கினால் முடிக்கும் வரை பொறுத்திருங்கள், நீங்களே முடித்துவிடாதீர்கள்" என்ற வரிக்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது. எழுத்துப் பணிக்குப் பக்கத்து மாணவியின் குறிப்பேட்டை ஒளிநகல் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். மாதம் ஐம்பது, அறுபது ரூபாய்க்கு மேல் ஆகாது, ஆனால் தினம் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

உதவும் தோழியாக ஒரே குழந்தையை நிரந்தரமாக நியமிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் மாதம் அது இரு குழந்தைகளுக்கும் இனிக்கும். மூன்றாம் மாதம் அந்தத் தோழிக்குப் பாரமாகும், உங்கள் பிள்ளைக்கு நன்றிக்கடனாகும். வாரம் இருவர் என்று முறை வைக்கச் சொல்லுங்கள். உடற்கல்விப் பாடவேளையில் வகுப்பில் தனியே உட்கார வைப்பது, சுற்றுலாவுக்கு "வீட்டிலேயே இருக்கட்டும்" என்பது, ஆண்டு விழாவில் பார்வையாளராக்குவது ஆகிய மூன்றையும் ஆரம்பத்திலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். என் மகள் கபடிக்குப் புள்ளி எழுதினாள், கேரம் ஆடினாள்.

வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் எந்த நாட்களில் வருவார்கள் என்று கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். அவர்கள் வரும் நாளில் கணிதப் பாடவேளை பறிபோகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

8. உதவித்தொகையும் பயணமும்

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மத்திய அரசின் மெட்ரிக் முந்தைய உதவித்தொகை உண்டு. குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும், பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். அதை ஜூனிலேயே வாங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாவிட்டால் தொகை வந்து சேராது. இது தவிர ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறன் மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. போக்குவரத்துப் படி, துணையாளர் படி ஆகியவற்றையும் தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணமில்லை.

9. பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைகள்

கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், தரைத்தள அறை, குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை முக்கியமானவை. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். எந்தெந்தச் சலுகை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். "உரிய சலுகைகள்" என்று பொதுவாக எழுதினால் ஒன்று விடுபடும். எங்களுக்குக் கூடுதல் நேரம் மட்டும் ஆணையில் வந்து, எழுதுபவர் விடுபட்டுப் போனார். திருத்தம் வாங்க மூன்று வாரம் ஆயிற்று. மொழிப்பாட விலக்கை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். குழந்தையிடம் கேளுங்கள். என் மகள் வேண்டாம் என்றாள்.

எழுதுபவர் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது பெரிய பிழை. சொல்லி எழுத வைப்பது தனித் திறன். அது பழகாத குழந்தை, தெரிந்த விடையையும் தவறவிடும். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டிலிருந்தே பள்ளித் தேர்வுகளை எழுதுபவரோடு எழுத அனுமதி கேளுங்கள். கணிதத்தில் "அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்பை மூடி, முழுவதன் வர்க்கம்" என்று சொல்லிப் பழக வேண்டும். வடிவியலும் வரைபடமும் ஒவ்வொன்றும் எட்டு மதிப்பெண். எந்தப் புள்ளியிலிருந்து எத்தனை செண்டிமீட்டர் ஆரம், எந்தப் பக்கம் வில் என்று படிப்படியாகச் சொல்லப் பழகாவிட்டால் அந்தப் பதினாறும் கைவிட்டுப் போகும். நாங்கள் வாரம் இரண்டு மாலை, எதிர்வீட்டுக் கல்லூரி மாணவியை உட்கார வைத்துப் பழகினோம். பாடம் தெரிந்தவராக இருந்தும் அவர் ஒரு வார்த்தைகூடத் திருத்தக் கூடாது என்பது எங்கள் நிபந்தனை.

நுழைவுச்சீட்டு வந்ததும் ஆணையின் நகலோடு தேர்வு மையத்துக்கு நீங்களே ஒரு நாள் முன்னதாகப் போய் முதன்மைக் கண்காணிப்பாளரைப் பாருங்கள். எந்த அறை, எந்தக் கழிப்பறை, வண்டி எதுவரை வரலாம் என்று கேட்டு வையுங்கள். மற்றவர்களுக்கு மதியம் 1.15க்குத் தேர்வு முடியும்; கூடுதல் நேரம் பெறும் பிள்ளை 2.15 வரை எழுதும். காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட குழந்தைக்குக் கடைசி ஒரு மணி நேரத்தில் கை நடுங்கும், குரல் தளரும். பேரீச்சம்பழமோ கடலை மிட்டாயோ ஒரு சிறு டப்பாவில் உள்ளே அனுமதிப்பார்களா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள், எங்களுக்கு அனுமதித்தார்கள்.